வாடைக் காற்றில் ஒரு வசூல்

கேட்கத் தெரியாத வீட்டில் பிறந்தவன் நான். மூணாறுக்குக் கீழே, இன்றைய கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல்தான் ஊர். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா மருந்தடித்தார். "கை நீட்டுறது சம்பளத்துக்கு மட்டுந்தான்" என்பார் அப்பா. கோயில் கொடைக்கு வரி கொடுப்பார், பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் பணம் கொண்டுபோய்க் கொடுப்பார். தனக்கென்று யாரிடமும் ஒரு ரூபாய் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த வைராக்கியம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடிக்கு வந்து ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கெழுத உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் இருந்தேன்.

அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது அந்த வைராக்கியம் எதற்கும் உதவவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். லயத்துச் சுவர் மெல்லியது. அம்மா இரவில் முனகினால் வரிசையிலிருந்த அத்தனை வீட்டுக்கும் கேட்கும். காலையில் மலையேற வேண்டியவர்கள் தூங்காமல் விழித்திருப்பார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். நான் லீவு போட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். வலியை நிறுத்த ஏதாவது வழி உண்டா என்று யாரிடம் கேட்பது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

கேட்டது பக்கத்து வீட்டு அக்கா. அவர் பஞ்சாயத்து உறுப்பினரிடம் சொல்ல, அந்த வாரமே, வீடு தேடி வந்து வலி தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சை சிஸ்டர் வந்தார். ஜீப் ஏறாத கடைசி ஏற்றத்தைப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறினார். அவர் மலையாளத்தில் கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னார், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை கடிகாரம் பார்த்துக் கொடுக்கவேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கொடுக்கவேண்டும் என்று என் மதினிக்குச் சொல்லிக்கொடுத்தார். புண்ணைக் கழுவித் துணி மாற்றுவதையும் பழக்கிவிட்டுப் போனார். இரண்டொரு நாளில் அம்மா தூங்கினார். லயமும் தூங்கியது. சில மாதங்கள் கழித்து அவர் இறந்தார். அலறாமல், எங்களோடு பேசிக்கொண்டே போனார்.

அந்த சிஸ்டர் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த கதை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானவர்கள் வலி நிவாரணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு அது மருத்துவமனையை விட்டுத் தெருவுக்கு இறங்கியது. ஆசிரியர், ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். கடைகளில் சின்ன உண்டியல் வைத்தார்கள். ஊர் மக்கள் மாதாமாதம் போடும் சில்லறையில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சேவை நடந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது, இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். உள்ளாட்சிகளும் இந்த வேலையைக் கையில் எடுத்தன. எங்கள் வீட்டுப் படியேறிய சிஸ்டருக்குப் பின்னால் இத்தனை பேருடைய சில்லறையும் உழைப்பும் இருந்தன.

கருமாதி முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, அந்தப் பகுதியில் தனியாக ஒரு வண்டி ஓட்டும் தன்னார்வக் குழுவினரிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "மருந்து கிடைச்சிருது அண்ணா. டீசலும் டிரைவர் சம்பளமுந்தான் கஷ்டம்" என்றார்கள். மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. சமவெளியில் ஒரு தெருவில் பார்த்துவிடக்கூடிய நோயாளிகளை இங்கே பார்க்க ஒரு பகல் முழுவதும் வண்டி ஏறி இறங்கவேண்டும்.

டீசலுக்குக் காசு தாருங்கள் என்று கேட்டால் யார் தருவார்கள்? 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தபோது, எங்கெங்கிருந்தோ உதவி வந்தது. வரத்தான் வேண்டும். ஆனால் பேரிடர் கண்ணுக்குத் தெரிகிறது, ஒரு மூலையில் ஒரு கிழவி வலியில் கிடப்பது தெரிவதில்லை. பெட்டிமுடியைப் பற்றிப் பேசும் யாரும், அதே மலையில் ஆண்டு முழுக்க நடக்கும் இந்தச் சின்னச் சாவுகளைப் பேசிக் கேட்டதில்லை.

அந்த டீசல் காசைத் திரட்ட ஒரு கடல் பயணம் என்ற யோசனை தூத்துக்குடி நண்பர்களுடையது. அவர்களில் ஒருவர் இலங்கையில் நடந்த 'ட்ரெயில்' நடைபயணத்தைச் சொன்னார். 2011 ஜூலையில் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டரை 27 நாளில் நடந்து, யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் திரட்டினார்கள். போர் முடிந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நாட்டில் தெற்கும் வடக்கும் அந்த வேலையில் சேர்ந்து நடந்தது எனக்குப் பெரிதாகப்பட்டது. இன்னொருவர் ஹிலாரி லிஸ்டரைப் பற்றிச் சொன்னார். கழுத்துக்குக் கீழே உடம்பு அசையாத அந்த ஆங்கிலேயப் பெண், வாயில் வைத்த குழல்களில் ஊதியும் உறிஞ்சியும் பாயையும் சுக்கானையும் இயக்கி, 2009-ல் பிரிட்டனைக் கரையோரமாகச் சுற்றி வந்தார். கரையோரப் பாய்மரப் பயணம் செய்து நற்பணிக்குப் பணம் சேர்ப்பது அந்தப் பக்கம் வழக்கமான காரியம்.

எனக்கு முதலில் இது அந்நியமாகத்தான் தோன்றியது. காசு கேட்க ஏன் காற்றில் அடிபட வேண்டும்? நேராகக் கேட்டால் போதாதா? யோசித்துப் பார்த்தால் நாம் காலங்காலமாகச் செய்வதுதான். காவடி எடுப்பவன், பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் நடப்பவன், வழியில் நாலு வீட்டில் காணிக்கை வாங்கிக்கொண்டுதான் போகிறான். உடம்பை வருத்திக்கொண்டு வருகிறவனுக்குக் கொடுக்கக் கை தானே நீளும். ஒலிவோலா, ஷஃபீர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் இதையே சோதனை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்: சுலபமான விருந்துக்குக் கொடுப்பதைவிட, கஷ்டமான ஓட்டத்துக்கு மனிதர்கள் அதிகம் கொடுக்கத் தயாராகிறார்கள். அந்தக் கஷ்டம் உண்மையானதாக இருக்கவேண்டும் என்பது மட்டும் என் எண்ணம்.

பாதையைத் தீர்மானித்தவர் எங்கள் தெருவில் இருந்த பழைய தண்டல் ஒருவர், தோணியை நடத்திச் செல்பவர். தூத்துக்குடித் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய காலத்தைப் பார்த்தவர். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் போகலாம் என்று நாங்கள் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, தை மாசத்துல வாடைக்கு எதுக்கப் போவியளா? மண்டபத்துல இருந்து இங்க வாங்க. காத்து முதுகுல இருக்கும். வடகடல் குமுறிக் கெடக்கும், தென்கடல் அடங்கியிருக்கும்."

அப்படியே முடிவாயிற்று. மண்டபம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், தொடங்கிக் கீழக்கரை, வாலிநோக்கம், வேம்பார், தருவைகுளம் வழியாகத் தூத்துக்குடி, சுமார் 120 கிலோமீட்டர். தண்டல் அண்ணாச்சியின் மருமகனுக்கு ஒரு பழைய மரவள்ளம் இருந்தது. அதற்கு இன்ஜின் உண்டு. பாய் மட்டும் புதிதாகத் தைத்தோம், பாயைக் கட்டும் பருமலுக்கு மூங்கில் வாங்கினோம். மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல் குழுமத்துக்கும் எழுதிக்கொடுத்தோம். ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை எடுத்துக்கொண்டோம். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல் படையின் 1554 என்ற இரண்டு எண்களையும் வள்ளத்தின் உள்பலகையில் பெயின்டால் எழுதிவைத்தோம்.

கணக்கில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. மருமகன் வள்ளத்துக்கு வாடகை வேண்டாம் என்றார். கூட வரும் இரண்டு தொழிலாளிகளும் நல்ல காரியம்தானே, கூலி எதற்கு என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடலுக்குப் போனால்தான் பங்கு, பங்கு வந்தால்தான் அடுப்பு என்று வாழ்பவர்களிடம் இலவசமாக உழைப்பு வாங்கி, அதை நம் தர்மம் என்று காட்டுவது நியாயமில்லை. கூலியில் வளர்ந்தவனுக்கு அது உறுத்தும். கடைசியில் அவர்கள் கூலி, டீசல், பாய், சாப்பாடு எல்லாவற்றையும் நண்பர்கள் பகிர்ந்து போட்டுக்கொண்டோம். நன்கொடையிலிருந்து ஒரு பைசாவும் பயணத்துக்குப் போகக் கூடாது என்று எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தோம். பணம் எங்கள் கைக்கே வரவில்லை. நேராக அந்தத் தன்னார்வக் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போனது, ரசீதும் அங்கிருந்தே வந்தது. 80ஜி வரிச்சலுகை கேட்டவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை என்று முன்கூட்டியே சொன்னோம். துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் இந்தியப் பாஸ்போர்ட்காரன், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினான், சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர் ஒருவர் பெரிய தொகை தர முன்வந்தார். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அந்தக் குழுவுக்குப் பதிவு இல்லாததால் வேண்டாம் என்று சொல்லவேண்டியிருந்தது. அவர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தம்தான், ஆனாலும் அதுதான் சரி.

கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று கேட்டோம். 120 ரூபாய் யாருக்கும் பெரிய சுமை இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை முதல் கடையில் சொல்லத் தொடங்கியபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பாவின் குரல் காதில் கேட்டது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அதன் பிறகு வசூல் புத்தகம் தேவைப்படவில்லை, அவர் உட்காரச் சொல்லித் தன் தகப்பனாரின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினார். கேட்பது என்றால் கை நீட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கடலைப் பற்றிச் சொல்லவேண்டும். மலைக்காரனுக்குக் கடல் கால் இல்லாத இடம். மண்டபத்தில் விடியும் முன் பாய் விரித்ததும் வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது, என் வயிறு மறுபக்கம் புரண்டது. "கரையைப் பாருங்க தம்பி, தண்ணியைப் பாக்காதிய" என்றார் அண்ணாச்சி. வலது கையில் கரை, இடது கையில் தீவுகள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடாக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அவற்றில் இறங்க அனுமதி இல்லை, நாங்களும் நெருங்கவில்லை. அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு இப்போது தண்ணீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விளைவு என்று அண்ணாச்சி சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது பாறை ஏற்றி வந்த வள்ளங்களைப் பார்த்திருக்கிறார். எங்கள் மலையிலும் வெட்டி எடுத்த பிறகுதான் சரிவு வருகிறது என்று நான் சொன்னேன். வெகுநேரம் இருவரும் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

வாலிநோக்கத்துக்குத் தெற்கே காற்று ஏறியது. பாயை இழுத்துக் கட்டும் தாமான் கயிற்றைப் பிடித்திருந்த தொழிலாளியின் கை நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் அலை ஏறி என் மேல் கொட்டியது. பயந்தேன், மறைக்கவில்லை. பாயைப் பாதி இறக்கினார்கள், நீவாடு என்கிற நீரோட்டம் இழுக்கும் போக்கிலேயே வள்ளத்தை விட்டு மெல்ல மெல்லக் கரைப்பக்கம் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் சத்தமே இல்லை. ஒருவர் கண்ணசைவுக்கு மற்றவர் கை போகிறது. நான் பாரமாக மட்டும் உட்கார்ந்திருந்தேன், அதுவும் அவர்கள் சொன்ன இடத்தில்.

வேம்பாருக்கு முன்னால் மாலையில் காற்று அடியோடு விழுந்துவிட்டது. இருட்டுகிறது, பக்கத்தில் பாறை, வலைகள் வேறு. இன்ஜினைப் போடுவதா என்று கேள்வி. பாயில் வருவோம் என்றுதானே கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வாங்குகிறோம்? அண்ணாச்சி ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஆளு முதல்ல." இன்ஜின் ஓடிய தூரத்தைக் குறித்துக்கொண்டோம். கரை வந்ததும் எல்லோருக்கும் எழுதினோம், இத்தனை கிலோமீட்டர் பாயில் வரவில்லை, கழித்துக் கொடுங்கள் என்று. தர்மத்துக்கு இவ்வளவு கணக்கா என்று சிலர் கேட்டார்கள். தர்மத்துக்குத்தான் இவ்வளவு கணக்கு வேண்டும். வியாபாரத்தில் ஏமாந்தவன் அடுத்த கடைக்குப் போவான், தர்மத்தில் ஏமாந்தவன் அப்புறம் யாருக்கும் கொடுக்கமாட்டான்.

இந்தப் பயணத்தில் நான் படித்த பாடம் நடந்தது கடலில் இல்லை, கரையில். நின்ற ஊர்களிலெல்லாம் மாலையில் கடற்கரையில் கூடிப் பேசுவோம். ஒரு ஊரில் கடல்பாசி எடுக்கிற பெண்கள் சிலர் வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் வலி, மாத்திரை, நாலு மணி நேரக் கணக்கு, சிஸ்டர் நடந்து ஏறியது எல்லாம் சொன்னேன். முடித்ததும் ஒரு பெண் எழுந்து, பணத்தைப் பற்றிப் பேசாமல், கேட்டார்:

"எங்க மாமியா வாயில புத்து வந்து மூணு மாசம் கத்திக் கத்திச் செத்தாங்க. இதுக்கு மருந்து இருந்துச்சா?"

இருந்தது. அந்த மருந்து நம் நாட்டிலேயே இருந்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்தில் அரசாங்க உரிமத்தோடு அபின் விளைகிறது, மார்ஃபின் அதிலிருந்து வருகிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளுக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி, ஒரு மருந்துக்குப் பல உரிமங்கள் என்றிருந்த நிலை 2014-ல் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் மாறத் தொடங்கியது. இதற்கு நடுவில் எத்தனை மாமியார்கள் கத்திச் செத்தார்கள் என்று எந்தக் கணக்குப் பிள்ளையாலும் எழுதமுடியாது. சட்டத்தை எழுதியவர்கள் போதையை நினைத்தார்கள், வலியை நினைக்கவில்லை. எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "இருந்துச்சும்மா. உங்களுக்கு யாரும் சொல்லல" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள்: எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்கவேண்டும், சீட்டு எழுதுவார்களா, பழக்கமாகிவிடுமா? சரியான அளவில் டாக்டர் பார்த்துத் தந்தால் புற்றுநோய் வலிக்காரர்கள் அதற்கு அடிமையாவது அபூர்வம் என்று எங்கள் சிஸ்டர் சொல்லித் தந்ததைச் சொன்னேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு என்பதை அங்கே பலர் அறிந்திருக்கவில்லை.

மலைக்குப் பணம் கொண்டுபோகத்தான் இந்தக் கரைக்கு வந்தேன். கரையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் செய்தி தேவைப்பட்டது. அன்று இரவே எங்கள் பேச்சை மாற்றிக்கொண்டோம். அடுத்த ஊர்களில் பணம் கேட்பதற்கு முன்னால், அந்த ஊருக்குப் பக்கத்து அரசு மருத்துவமனை எது, கிராமச் செவிலியரிடம் என்ன கேட்கவேண்டும் என்று சொன்னோம். அப்படிச் சொன்ன ஊர்களில் வசூல் குறையவில்லை. குறைந்திருந்தாலும் அதையே செய்திருப்போம்.

தூத்துக்குடியில் கரையேறியபோது நாலு பேர் மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். சேர்ந்த பணம் அந்தக் குழுவின் வண்டியைச் சில மாதங்கள் ஓட்டியது. அவ்வளவுதான். ஒரு பயணம் அதற்கு மேல் ஓட்டாது. வசூலின்போது, மாதம் ஐம்பதோ நூறோ தொடர்ந்து தருகிறோம் என்று பெயர் எழுதிக்கொடுத்தவர்களின் தாள் ஒன்று இருந்தது. அப்போது அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்று வண்டி ஓடுவது அந்தத் தாளில் இருப்பவர்களால்தான். சிலர் நின்றுவிட்டார்கள், புதிதாகச் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். மாதம் பிறந்ததும் அவர்களுக்கு நினைவூட்டுவது என் வேலை. இப்போது எனக்கு நாக்கு ஒட்டுவதில்லை.

இதைப் படிக்கிறவர்களிடமும் கேட்கிறேன். உங்கள் தாலுகாவில் வாய்வழி மார்ஃபின் எந்த மருத்துவமனையில் கிடைக்கிறது என்று இந்த வாரமே விசாரித்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டுக்குத் தேவைப்படாவிட்டாலும். உங்கள் ஊரில் வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் குழு இருந்தால் மாதாமாதம் ஒரு சின்னத் தொகை கொடுங்கள், கணக்குக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் பஞ்சாயத்துத் தலைவரிடமோ கவுன்சிலரிடமோ போய், ஏன் இல்லை என்று கேளுங்கள்.